தோப்பைக் கலைக்கும்போது வேரையும் மண் கரிமத்தையும் காப்பது எப்படி: பெங்களூருவைச் சுற்றிய நிலங்களுக்கான செய்முறை

ஆனேக்கல், மாலூர், கனகபுரா, தேவனஹள்ளி, அந்தப் பக்கம் ஓசூர், தேன்கனிக்கோட்டை என்று பெங்களூருவைச் சுற்றி ஓரிரு ஏக்கர் வாங்கித் தேக்கோ சில்வர் ஓக்கோ மலைவேம்போ நட்டு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பெரும்பாலும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 கன்று. ஐந்தாம் ஆண்டில் தோப்புக்குள் நுழைந்தால் இருட்டாக இருக்கும். மரங்கள் உயர்ந்திருக்கும், பருத்திருக்காது. கலைக்க வேண்டும், அதாவது நெருங்கி நிற்கும் மரங்களில் ஒரு பங்கை வெட்டி எடுத்து மற்றவற்றுக்கு இடம் விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தில் கை வைக்க மனம் வருவதில்லை. அண்மைக் காலமாக இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொண்டது: மரத்தை வெட்டினால் மண்ணில் சேர்ந்த கரிமம் (கார்பன்) போய்விடாதா?

போகவும் செய்யலாம், அப்படியே தங்கவும் செய்யலாம். வெட்டிய மறுநாள் தொடங்கி அடுத்த இரண்டு மழைக்காலம் வரை நிலத்தை எப்படி நடத்துகிறீர்கள் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. அடிக்கட்டையைப் பிடுங்கி, தழையைக் கொளுத்தி, டிராக்டர் விட்டு உழுதால் மண் இழக்கும். அளவாகக் கலைத்து, வேரை மண்ணிலேயே விட்டு, தழையைப் பரப்பி வைத்தால் மண்ணின் கரிமம் பெரும்பாலும் நிலையாக நிற்கும்.

மண்ணுக்கடியில் நடப்பது

2 மீட்டர் இடைவெளியில் நான்கைந்து வயது மரங்களின் பக்கவேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இந்த மரத்தின் வேர், அந்த மரத்தின் வேர் என்று பிரித்துப் பார்க்க முடியாது. இதில் இரண்டு வகையைத் தனித்தனியாக நினைத்துப் பார்க்க வேண்டும். விரல் பருமனுக்கு மேல் போகும் தடித்த வேர்கள் மரத்தைத் தாங்குகின்றன, மாவுச்சத்தைச் சேமிக்கின்றன. 2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய சல்லி வேர்கள் நீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. இவற்றில் பெரும்பங்கு மேல் 30 செ.மீ. மண்ணில் இருக்கும். எடையில் குறைவானாலும், தொடர்ந்து முளைத்து, செத்து, மக்கி மண்ணுக்குக் கரிமம் ஊட்டுவது இந்தச் சல்லி வேர்தான். மேலே விழும் சருகு பெரும்பாலும் மேலேயே மக்கிக் காற்றோடு போய்விடும். வேர் மண்துகள்களுக்கு நடுவிலேயே மக்குவதால், அதில் ஒரு பங்கு களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் தங்குகிறது.

மரத்தை வெட்டியதும் அதன் சல்லி வேருக்கு இலையிலிருந்து வரும் சர்க்கரை நின்றுவிடும். அடிக்கட்டை மறுதாம்பு (வெட்டிய இடத்திலிருந்து புதுத் தளிர்) விடாத மரமானால் சல்லி வேர் சில மாதங்களில் செத்து மக்கத் தொடங்கும். தடித்த வேர் மக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். கூடவே வேறு இரண்டு மாற்றங்கள் நடக்கும். வெயில் தரையில் விழுவதால் மண் சூடாகும். நீர் குடிக்கும் மரங்கள் குறைவதால் ஈரமும் கூடுதல் நாள் தங்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அவை கரிமத்தைச் சிதைக்கும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். அதே சமயம், வெட்டிய மரத்தின் வேர் சுவாசித்து வெளிவிட்ட கரியமில வாயு நின்றிருக்கும். ஒன்று கூடி இன்னொன்று குறைவதால், மண்ணிலிருந்து வெளியேறும் வாயுவை மட்டும் அளந்து பார்த்து மண் இழக்கிறதா சேர்க்கிறதா என்று சொல்ல முடியாது.

நம் பக்கத்து வானிலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்து கிடக்கும் மண்ணில் ஏப்ரலில் மாங்காய் மழை பெய்யும்போது, ஓரிரு நாளில் கரியமில வாயு குபீரென்று வெளியேறும். காய்ந்த மண் நனையும்போதெல்லாம் இப்படி நடக்கும். தரை மூடியிருக்கும் தோப்பில் இது மிதமாகவே இருக்கும். கலைத்துவிட்டுத் தரையை வெறுமையாக விட்ட தோப்பில் அதிகம். கலைத்த முதல் ஆண்டில் தழைமூடாக்கு கட்டாயம் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இதற்கிடையில் விட்டுவைத்த மரங்கள் காலியான இடத்துக்குள் வேர் விடும். செத்த வேர் விட்டுச் சென்ற துளைகளில் மழைநீர் இறங்கும், புது வேரும் அந்த வழியாகவே போகும். புல்லும் செடியும் முளைத்துத் தங்கள் வேரையும் சேர்க்கும். அளவான கலைப்பில் இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் சல்லி வேர் ஏறத்தாழ பழைய அளவை எட்டும். ஒரேயடியாகப் பாதிக்கு மேல் வெட்டிய முதிர்ந்த தோப்பில் இது இழுத்துக்கொண்டே போகும்.

கணக்கில் பலர் விழும் குழி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தரைக்கு மேல் உலர் எடை 20 கிலோ உள்ள இளமரத்துக்கு வேர் ஏறக்குறைய அதில் கால்பங்கு, அதாவது 5 கிலோ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு கரிமம் என்றால் 2.3 கிலோ. 400 மரம் வெட்டினால் மண்ணுக்கடியில் 900 கிலோவுக்கு மேல் கரிமம் கிடக்கும். இதை லாபமாக எழுதிக்கொள்ளக் கூடாது. நேற்றுவரை உயிருள்ள வேராக இருந்த அதே கரிமம் இன்று செத்த வேர்க் கணக்குக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதில் பெரும்பங்கு மெல்ல மெல்லக் காற்றுக்குப் போகும், ஒரு பங்கு மண்ணில் தங்கும்.

வெட்டுமுன் அளந்துவிடுங்கள்

வெட்டிய பிறகு ‘முன்பு எவ்வளவு இருந்தது’ என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் ஓரளவு உலர்ந்த டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம் இதற்கு ஏற்ற நேரம். பிறகு எந்த ஆண்டு அளந்தாலும் இதே பருவத்தில் அளக்க வேண்டும். சல்லி வேர் மழைக்காலத்தில் கூடி வெயிலில் குறையும். ஜூலையில் ஒரு முறையும் மார்ச்சில் ஒரு முறையும் அளந்து ஒப்பிட்டால் பருவத்தின் மாற்றம்தான் தெரியும், கலைப்பின் விளைவு தெரியாது.

முதலில் தோப்பின் ஒரு பகுதியைக் கலைக்காமல் விட முடிவு செய்யுங்கள். 4 குண்டே, அதாவது 10 சென்ட் போதும். மற்ற இடத்தின் அதே சரிவும் அதே மண்ணும் உள்ள இடமாக இருக்கட்டும். மூலையில் கிடக்கும் பாறைத் தரிசை ஒப்பீட்டுக்கு விட்டால் பயனில்லை.

கருவி எளியது. பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டு இரும்புக் கடைகளில் உள்விட்டம் 5 செ.மீ. அளவுள்ள இரும்புக் குழாயை 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு முனையை வெளிப்பக்கமாகச் சாய்த்துத் தீட்ட வேண்டும். உள்பக்கம் தீட்டினால் மண் நசுங்கி அளவு தவறும். 15 செ.மீ. உயரத்தில் வெளியே ஒரு கோடு. உள்விட்டத்தை நீங்களே ஒருமுறை அளந்து கணக்கில் அந்த எண்ணையே போடுங்கள். சரியாக 5 செ.மீ. என்றால், 15 செ.மீ. ஆழத்துக்குக் கொள்ளளவு 3.14 × 2.5 × 2.5 × 15, ஏறக்குறைய 294 கன செ.மீ. இவற்றோடு ஒரு மரச்சுத்தி, 0.01 கிராம் காட்டும் சிறு தராசு, அரை மில்லிமீட்டர் கண் சல்லடை, ஜிப் உறைகள்.

சருகை ஒதுக்கிவிட்டு, குழாயின் மேல் மரக்கட்டை வைத்து அடித்து இறக்குங்கள். கோடுவரை இறங்கியதும் உள்ளே பாருங்கள். உள் மண் வெளித் தரையைவிட 1 செ.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் மண் நசுங்கிவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிட்டு வேறு இடத்தில் எடுங்கள். கல் தட்டினாலும் அப்படியே.

எடுக்க வேண்டியவை மூன்று வகை.

மண் அடர்த்திக்கு: ஒவ்வொரு பகுதியிலும் 4, 5 இடங்களில் எடுத்து, ஓ.டி.ஜி. அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்துங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை நிறுத்து ஒரே எடை வந்தால் உலர்ந்துவிட்டது. உலர் எடை 412 கிராம் என்றால் அடர்த்தி 412 ÷ 294 = 1.40. கோலார், ஆனேக்கல் பக்கத்துச் செம்மண்ணில் சரளை கலந்திருக்கும். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கல்லைச் சலித்து எடுத்து, அதன் எடையையும் கொள்ளளவையும் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். கல்லின் கொள்ளளவு, அதை நீர் நிரப்பிய அளவுக்குவளையில் போட்டால் உயரும் நீரின் அளவு.

கரிமத்துக்கு: ஏக்கருக்கு 15 இடங்களில், 0–15, 15–30 செ.மீ. என இரு ஆழங்களைத் தனித்தனியாக எடுத்துக் கலந்து, ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ. இதை நிழலில் உலர்த்த வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது. அருகிலுள்ள ரைத சம்பர்க்க கேந்திராவிலோ (கர்நாடக வேளாண் துறையின் உழவர் தொடர்பு மையம்) வேளாண் அறிவியல் மையத்திலோ மண் பரிசோதனைக்குக் கொடுக்க வழி கேளுங்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்திலும் விசாரிக்கலாம். அறிக்கையில் இருப்பது அங்ககக் கரிமமா (organic carbon) அங்ககப் பொருளா (organic matter) என்று பாருங்கள். அங்ககப் பொருளாக இருந்தால் 1.724-ஆல் வகுத்தால் கரிமம் வரும். மண்வள அட்டைக் கணக்கில் 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேலே அதிகம்.

சல்லி வேருக்கு: ஒரு பகுதிக்கு 9 குழாய். விடப்போகும் மரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி 3, வெட்டப்போகும் மரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி 3, நான்கு மரங்களுக்கு நடுவே 3. வாளி நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுச் சல்லடையில் கழுவி, இடுக்கியால் வேரைப் பொறுக்க வேண்டும். உயிர் வேர் வெளிர்நிறமாக இருக்கும், வளைத்தால் வளையும். செத்தது கருத்துச் சட்டென்று முறியும், தோல் கழன்று வரும். இரண்டையும் தனித்தனியே 70 டிகிரியில் உலர்த்தி நிறுக்கவும். 5 செ.மீ. குழாய்க்கு, கிராமை 509-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான எடை. 0.30 கிராம் வந்தால் சதுர மீட்டருக்கு 153 கிராம். பொறுமை கேட்கும் வேலை. ஒரு குழாய்க்கு அரைமணி நேரம் தாராளமாக ஆகும். அதே நாளில் முடியாதென்றால் உறையோடு குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மண் கரிம இருப்பு: கரிமச் சதவீதம் × அடர்த்தி × ஆழம். 0.6 × 1.40 × 30 = 25.2, இது ஹெக்டேருக்கு டன் கணக்கு. ஏக்கருக்கு வேண்டுமானால் 2.47-ஆல் வகுக்க வேண்டும்.

எத்தனை மரம், எந்த மரம்

கலைக்கும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க மூன்று அடையாளங்கள் போதும். இடைவெளியை ஓங்கி நிற்கும் மரங்களின் உயரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 2 மீட்டர் இடைவெளி, 10 மீட்டர் உயரம் என்றால் 20. இதற்குக் கீழே போனால் நெருக்கடி முற்றிவிட்டது. அடுத்து, பசுந்தழை உள்ள பகுதி மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே சுருங்கியிருந்தால் தாமதமாகிவிட்டது. மூன்றாவது, உயரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம். சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவால் அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம். 10 மீட்டர் உயரம், 25 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் 8 செ.மீ., விகிதம் 125. நூறைத் தாண்டிய மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறது. துணையை எடுத்தால் ஏப்ரல், மே மாத இடிமழைக் காற்றில் அதுவும் சாயும்.

தேக்கில் நடைமுறை எளிது. நான்கு ஐந்து வயதில் ஒன்றுவிட்ட மூலைவிட்ட வரிசைகளை எடுப்பது முதல் கலைப்பு. 1,000 மரம் 500 ஆகும், இடைவெளி 2.83 மீட்டர். எட்டு முதல் பத்து வயதில் ஒன்றுவிட்ட நேர்வரிசையை எடுத்தால் 4 மீட்டருக்கு 4 மீட்டர், 250 மரம். அதன் பிறகு மரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. முதல் கலைப்பை உரிய வயதில் செய்தால் பாதியை எடுத்தாலும் தாங்கும், ஏனென்றால் மரம் சிறியது, வேர் இளசு, காலியிடத்தைச் சீக்கிரம் பிடித்துவிடும். எட்டு வயதுவரை தொடாமல் விட்ட தோப்பில் அதே பாதியை ஒரே ஆண்டில் எடுக்காதீர்கள். அங்கே அடிமரப் பரப்பளவில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இப்போது, இரண்டு ஆண்டு கழித்து மீதி. அடிமரப் பரப்பு என்பது 1.37 மீட்டர் உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு: மீட்டரில் சுற்றளவு × சுற்றளவு × 0.0796. 40 செ.மீ. சுற்றளவு மரத்துக்கு 0.4 × 0.4 × 0.0796 = 0.0127 சதுர மீட்டர். எல்லா மரத்துக்கும் கூட்டி வரும் தொகையில் வெட்டுபவற்றின் பங்கைப் பாருங்கள். மெலிந்தவற்றைத் தேர்ந்து எடுத்தால், எண்ணிக்கையில் 40 சதவீதம் போனாலும் பரப்பில் 25–30 சதவீதம்தான் போகும்.

எடுக்க வேண்டியவை, வரிசைப்படி: நோயுற்றது, கவட்டையாகப் பிரிந்தது, வளைந்தது, அமுங்கிப்போனது. மூன்று மரங்கள் சேர்ந்தாற்போல் போய்விடும் இடத்தில் சுமாரான ஒன்றையாவது விட்டுவையுங்கள். பெரிய ஓட்டை விழுந்த இடத்தில் வேர் திரும்பி நிரம்ப நெடுநாள் ஆகும், பார்த்தீனியம் மட்டும் உடனே நிரம்பிவிடும்.

குறியை மார்பு உயரத்தில் ஒன்று, தரையோடு ஒன்று என இரண்டு இடத்தில் பெயின்ட் அடியுங்கள். வெட்டிய பிறகு அடிக்கட்டையில் குறி இருக்கிறதா என்று பார்த்தால், குறி இல்லாத நல்ல மரம் போயிருந்தால் தெரிந்துவிடும். வெட்டவருபவர்கள் கன்னடம், தெலுங்கு, தமிழ் எது பேசினாலும் பெயின்ட் புரியும்.

அனுமதி

கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். சில்வர் ஓக், தைலமரம், சவுக்கு போன்றவை விலக்குப் பட்டியலில் உள்ளன. தேக்குக்கு அனுமதி வேண்டும், ஏற்றிச் செல்லத் தனிச் சீட்டும் வேண்டும். பட்டியல் அவ்வப்போது மாறுவதால் பஹணி (நில உரிமைப் பதிவேடு) நகலோடு வனச்சரக அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தை அக்டோபரிலேயே கொடுத்தால்தான் ஜனவரியில் வெட்ட முடியும். ஓசூர்ப் பக்கத்து நிலம் என்றால் தமிழ்நாட்டு விதி, அங்குள்ள வனச்சரகம். தோப்புக்குள் சந்தனம் இருந்தால் வனத்துறைக்குத் தெரியாமல் அதைத் தொடவே கூடாது.

வெட்டும் நாள்

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் முடியுங்கள். தேக்கு இலை உதிர்த்திருக்கும், மண் இறுகிக் காய்ந்திருக்கும். ஈரச் செம்மண்ணில் டிராக்டர் ஏறினால் நசுங்கி அடர்த்தி 1.6-ஐத் தாண்டிவிடும். அந்த மண்ணுக்குள் சல்லி வேர் நுழையத் திணறும். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். மெல்லிய திரியாக உருண்டால் வண்டியை உள்ளே விடாதீர்கள். நசுக்கலில் பெரும்பங்கு முதல் சில ஓட்டத்திலேயே நடந்துவிடும். ஆகவே எல்லா வரிசையிலும் ஒவ்வொரு முறை ஓட்டுவதைவிட, நான்கைந்து வரிசைக்கு ஒரு பாதை என ஒதுக்கி அதிலேயே திரும்பத் திரும்ப ஓட்டுவது மேல். மூலைவிட்டமாகக் கலைத்த தோப்பில் 2.83 மீட்டர் அகலப் பாதை குறுக்காகத்தான் கிடைக்கும். நேர்வரிசையில் நுழைத்தால் மரத்தில் உரசும். பாதைக்குக் கட்டைகளைத் தோளில் கொண்டுவரச் சொல்லுங்கள். கூலி கூடும்தான், கொடுக்கலாம்.

மரத்தைத் தரையோடு தரையாக அறுங்கள். உயரமாக விட்டால் மறுதாம்பு கொத்தாக வரும்.

அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டாம். ‘ஜே.சி.பி. வந்தாச்சு, அப்படியே வேரையும் தோண்டிடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். தோண்டினால் பின்னிக் கிடக்கும் பக்கத்து மரத்தின் வேரும் அறும். மண்கட்டிகளுக்குள் பாதுகாப்பாக இருந்த கரிமம் காற்றுக்கும் நுண்ணுயிருக்கும் திறந்துவிடப்படும். பல ஆண்டு மெல்ல மக்க வேண்டிய வேர் விறகாகப் போய்விடும். ஒரே விலக்கு: அடிமரத்தில் விசிறிபோல் காளான் வளர்ந்து வேரழுகல் தெரியும் மரம். அதை மட்டும் வேரோடு எடுத்து அப்புறப்படுத்தி, சுற்றிலும் 60 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் ஓர் அகழி வெட்டிப் பிற மரங்களின் வேரிலிருந்து பிரித்துவிடுங்கள்.

விரல் பருமன் கிளை, இலை, பட்டை எல்லாம் நிலத்திலேயே இருக்கட்டும். சத்தில் பெரும்பகுதி அவற்றில்தான் இருக்கிறது. 5 செ.மீ.க்கு மேல் பருத்ததை விறகுக்கோ சாரக் கம்புக்கோ கொடுத்துவிடலாம். மற்றதை ஒன்று ஒன்றரை அடி நீளத்துக்கு நறுக்கி, தரையைத் தொடும்படி, சரிவுக்குக் குறுக்காக, 10–15 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். குவியலாகப் போட்டால் நடுவில் மக்காது, தீப்பிடித்தால் அடங்காது. உயிர்மரத்தின் அடியிலிருந்து 60 செ.மீ. விலகியிருக்கட்டும், ஒட்டிக் கிடந்தால் கரையான் பட்டைக்கு ஏறும். எல்லையை ஒட்டி 3 மீட்டர் அகலத்துக்குத் தழையே இல்லாத தீத்தடுப்புப் பாதை. தேக்கின் அகன்ற இலையிலிருந்து சொட்டும் பெருந்துளிகள் வெறுந்தரையைக் குழி பறிக்கும் என்பதால், தேக்குத் தோப்பில் இந்த மூடாக்கு மண் அரிப்புக்கும் காப்பு.

அடுத்த இரண்டு மழைக்காலம்

உழாதீர்கள். இரண்டு வரிசைக்கு நடுவே கலப்பை ஓட்டிக் களையெடுப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். காலியிடத்தைப் பிடிக்க வரும் புதிய சல்லி வேரை மேல் 15 செ.மீ.க்குள் ஆண்டுக்கு இருமுறை வெட்டி எறிகிறோம் என்பது கண்ணில் படாது. கலைப்பால் வந்த இழப்பு என்று பலர் நினைப்பதில் பாதி இந்த உழவால் வந்தது என்பது எங்கள் கணிப்பு.

புல்லையும் செடியையும் அரிவாளால் கணுக்கால் உயரத்துக்கு அறுத்து அங்கேயே போடுங்கள். முதல் ஆண்டில் சல்லி வேரைச் சீக்கிரம் நிரப்புபவை புற்கள்தான். பார்த்தீனியத்தையும் உண்ணிச்செடியையும் மட்டும் பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள்.

ஜூன் மழைக்கு முன் சணப்பு ஏக்கருக்கு 10 கிலோ தூவலாம், அல்லது செப்டம்பரில் கொள்ளு 8 கிலோ. களைக்கொத்தால் மூன்று நான்கு செ.மீ. கீறி மூடினால் போதும். முதல் ஆண்டில் கேழ்வரகு போட்டால் மஞ்சளித்து நிற்கும். மக்கும் வேரிலும் சுள்ளியிலும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு, அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் பயிருக்குக் கிடைப்பதில்லை. பயறு வகைக்கு அந்தக் கவலை குறைவு.

மறுதாம்பு முழங்கால் உயரம் வந்ததும் ஒடித்துவிடுங்கள், இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அடிக்கட்டை வேர் தன் சேமிப்பைச் செலவழித்துத் தளரும். விட்டுவைத்த மரத்தின் தண்டில் பக்கத்தளிர்கள் கிளம்பினால், திடீரென்று வெளிச்சம் பட்டதன் விளைவு அது. பச்சையாக இருக்கும்போதே கையால் தேய்த்து எடுத்துவிடலாம். நிறைய மரங்களில் அப்படி வந்தால் கலைப்பு அளவு மீறிவிட்டது என்று கொள்ளுங்கள். காற்றில் சாய்ந்த மரத்தை நிமிர்த்திக் கம்பு கட்ட முயல வேண்டாம். வேர் அறுந்திருந்தால் பிழைக்காது. சற்றே சாய்ந்தது தானாகவே அடிப்பகுதியைப் பருக்கவைத்துத் தாங்கிக்கொள்ளும்.

மரத்துக்கு மரம்

தைலமரத்தைப் பெரும்பாலும் முழுதாக வெட்டி மறுதாம்பு விடுவார்கள். கர்நாடக அரசு 2017-இல் புதிதாக நடுவதைத் தடைசெய்ததால் இப்போது நிற்பவை பெரும்பாலும் பழைய அடிக்கட்டைகளே. இங்கே கலைப்பு என்றால் ஓர் அடிக்கட்டையில் வரும் பத்துப் பதினைந்து தளிரில் ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றை எடுப்பது. வேர் சாவதில்லை. ஆனால் தளிரையெல்லாம் திரும்பத் திரும்ப ஒடித்தால் சல்லி வேர் பட்டுப்போகும். வேரோடு கூடி வாழ்ந்து சத்தை எடுத்துத் தரும் பூஞ்சையின் துணை சில்வர் ஓக்குக்குப் பெரிதாகக் கிடையாது. மேல்மண்ணில் கொத்துக் கொத்தாகச் சிறு வேர் விட்டு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்து எடுக்கும். அந்தக் கொத்துகள் மேலாகவே இருப்பதால் உழவு அதற்கு மிகவும் கெடுதல்.

சந்தனம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும். துணைமரமாக நிற்கும் சவுக்கையோ புங்கையோ நெருக்கம் என்று ஒரே ஆண்டில் எடுத்துவிட்டால் சந்தனம் கருகும். ஒவ்வொரு சந்தனத்தைச் சுற்றியும் குறைந்தது இரண்டு துணைமரத்தை விட்டு, மற்றவற்றைப் பல ஆண்டுகளில் பிரித்துப் பிரித்து எடுங்கள்.

மறுபடி அளக்கும்போது

சல்லி வேரை அடுத்த மூன்று ஜனவரியும் அதே இடங்களில் எடுங்கள், பழைய குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி. முதல் ஆண்டில் அடிக்கட்டை அருகே செத்த வேர் கூடும், உயிர் வேர் குறையும். மூன்றாம் ஆண்டில் நடு இடத்து உயிர் வேர், கலைக்காத 4 குண்டே பகுதியின் அளவை நெருங்க வேண்டும். நெருங்காவிட்டால் முதலில் அங்கே மண் அடர்த்தியைப் பாருங்கள். வண்டிப்பாதை நசுக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மண் கரிமத்தை ஆண்டுதோறும் சோதிப்பது காசுக்குக் கேடு. ஒரே நிலத்தில் இடத்துக்கு இடம் 0.1 சதவீதம் வேறுபடுவது சாதாரணம். மேலே போட்ட கணக்கில் அதுவே ஹெக்டேருக்கு 4.2 டன் ஆகிறது. ஓர் ஆண்டில் உண்மையாக நடக்கும் மாற்றம் அதற்குள் மறைந்துவிடும். ஐந்தாம் ஆண்டில் ஒருமுறை, அதே ஆய்வகத்தில், இரு ஆழத்திலும் சோதியுங்கள்.

அடர்த்தியைத் திரும்ப அளக்காமல் கணக்குப் போடாதீர்கள். அதை வெறுமனே ஆழத்தோடு பெருக்கியும் ஏமாறாதீர்கள். மண் நசுங்கி 1.40 இருந்தது 1.50 ஆகிவிட்டால், கரிமம் அதே 0.6 சதவீதமாக இருந்தாலும் 30 செ.மீ.க்குக் கணக்கு 27.0 டன் காட்டும். 1.8 டன் கூடியதுபோல் தெரிவது, கீழே இருந்த மண்ணும் அந்த 30 செ.மீ.க்குள் வந்துவிட்டதால்தான். சரியாகச் செய்ய, முதல் முறை 30 செ.மீ.யில் இருந்த அதே எடை மண்ணையே ஒப்பிட வேண்டும். 1.50 அடர்த்தியில் அது 28 செ.மீ. ஆழம். 0.6 × 1.50 × 28 = 25.2. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த எண்ணை வைத்துக் கார்பன் கிரெடிட் (சேமித்த கரிமத்துக்கு ஈடாக விற்கக்கூடிய சான்று) கேட்கலாமா என்று விசாரிப்பவர்கள் உண்டு. ஓரிரு ஏக்கருக்கு அளவீடு, சரிபார்ப்பு, பதிவு ஆகியவற்றின் செலவே வரும் தொகையை விழுங்கிவிடும். பல நிலங்களைச் சேர்த்துச் செய்யும் திட்டத்தில் சேர அழைத்தால், எத்தனை ஆண்டு மரத்தைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையை முதலில் படியுங்கள். அடுத்த கலைப்புக்கு அதில் இடம் இல்லையென்றால் எட்டாம் ஆண்டில் தோப்பு மறுபடி அடைத்துக்கொள்ளும், வெட்டவும் முடியாது.